எண்களைக் கையிற் கொடுத்த அம்மையார்

நாம் மூன்றாம் வகுப்பிற் படித்த காலத்திற் கழித்தற் கணக்கென்றால் எமக்கு ஒரு கலக்கம். மேலேயுள்ள இலக்கம் சிறிதாயும் கீழேயுள்ள இலக்கம் பெரிதாயும் இருந்தால் அயல்வீட்டிற் கடன் வாங்கவேண்டும் என்பது எமக்குக் கற்பிக்கப்பட்ட விதி. நாமும் கடன் வாங்கினோம். விடையும் சரியாகவே வந்தது. ஆயினும், ஒன்றைக் கடன் கேட்டால் அயல்வீட்டார் பத்தைத் தருவதேன், வாங்கிய கடனை நாம் ஒருநாளும் திருப்பிக் கொடாதிருப்பதேன் என்னும் ஐயங்கள் எம்மை விட்டபாடில்லை. ஒருநாட் காலைச் செபம் முடிந்து முதற்பாடம் தொடங்கிய வேளையில் துணிந்து கேட்டுவிட்டோம். வகுப்புச் சிரித்தது. அந்த விதியை ஐம்பது முறை எழுதிவருமாறு எமக்குத் தண்டனையும் கிடைத்தது. எழுதினோம், விளங்கவில்லை. அதன்பின் கணிதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி பெற்ற ஆண்டுகளிலும் அது விளங்கவில்லை என்பதை இப்பொழுது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

பல்கலைக்கழகம் புகுந்து நூலகத்திலே பொழுதைக் கழிக்கும் பேறு வாய்த்த பின்னரே, அவ்வகைக் கேள்வியைக் குற்றமாகக் கொள்ளாது, அதற்குரிய விடையைக் கண்ணாடி மணிகளாகக் கோத்துப் பிள்ளைகளின் கையிற் கொடுத்த ஒருவர் இருந்தார் என அறிந்தோம். அவர்தாம் மரியா மொண்டிசோரி அம்மையார். எமது நாட்டில் இப்பெயரைக் கேளாத வீடு இல்லையெனலாம். ஒழுங்கைக்கு ஒழுங்கை இப்பெயர் தாங்கிய பலகை தொங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளை காலையில் எங்கே போகிறது என்று கேட்டால் மொண்டிசோரிக்குப் போகிறது என்பர். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதையும், அப்பெண்மணி இளமையிற் கணிதத்தின்மேற் பெருங் காதல் கொண்டிருந்தார் என்பதையும் அறிந்தார் சிலரே. ஆகவே அன்னாரின் வரலாற்றைக் கணிதம் என்னும் ஒரு சாளரத்தினூடாகப் பார்த்துச் சொல்ல முயல்கின்றோம்.

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870 ஓகஸ்ட் 31 ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர். தாய் ரெனில்டே கல்வியிலும் நூல்களிலும் பற்று மிக்கவர். பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை. 1875 இல் அக்குடும்பம் உரோம் நகரிற் குடியேறியது. பெண்பிள்ளை படிப்பதானால் ஆசிரியையாகலாம் என்பதே அக்காலத்தார் கொள்கை. மரியாவோ பதின்மூன்றாம் வயதில், ஆண்பிள்ளைகள் செல்லும் தொழினுட்பப் பாடசாலை ஒன்றிற் சேர்ந்தார். கணிதம் அவருக்கு உவப்பான பாடம். பொறியியலாளராக வரவேண்டும் என்பது அவரது அந்நாளைய அவா. தந்தையார்க்கு இது பிடிக்கவில்லை; தாயார் மகளின் பக்கம் நின்றார். சில ஆண்டுகளின்பின் மகளின் மனம் பொறியியலை விட்டு வைத்தியத்தை நாடியபோது தந்தையாரின் மனக்கசப்பு இன்னும் மிகுந்தது.

உரோம் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் நடுவே ஒரு பெண் நின்று பிணத்தை அறுத்துப் பயிலுதல் தகாது எனக் கருதப்பட்டமையால், எல்லாரும் போனபின் தனியே நின்று அப்பயிற்சியைச் செய்யவேண்டியிருந்தது. அதையும் பொறுத்து 1896 ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் முதன்முதல் வைத்தியரான பெண்மணி இவரே எனப் பலர் எழுதியுள்ளனர். அது சரியன்று, அவருக்கு முன்னரும் சிலர் இருந்தனர். முதல்வர் அல்லர் என்பதால் அவரது பெருமை ஒரு சிறிதும் குறையாது.

வைத்தியராய் வந்தவர் ஆசிரியராய் மாறியது எவ்வாறு? 1897 இல் உரோம் பல்கலைக்கழகத்தின் உளநோய்ச் சிகிச்சை நிலையத்தில் உதவி வைத்தியராக அமர்ந்த அவர், பித்தர் விடுதிகளுக்குச் சென்று நோயாளரைப் பார்க்கவேண்டியிருந்தது. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் வளர்ந்தவர்களோடு ஒரே கூட்டில் அடைத்து வைத்திருந்தனர். வெறும் அறை, தொடுவதற்கும் எடுப்பதற்கும் ஒரு பொருளும் இல்லை. உணவு முடிந்தபின் அப்பிள்ளைகள் நிலத்திற் சிந்திய பாண் துணிக்கைகளைப் பொறுக்கி விளையாடுவதைக் கண்டார். பராமரித்த பெண் அதைப் பெருந்தீனி என இகழ்ந்தாளாம். அம்மையாரோ வேறொன்றைக் கண்டார். அவை பசித்த வயிற்றின் கைகள் அல்ல. பசித்த அறிவின் கைகள் எனக் கொண்டார். கைக்கு வேலையில்லாத இடத்தில் அறிவுக்கும் வேலையில்லை என்னும் எண்ணம் அவருள்ளத்தில் அன்று விழுந்த விதை எனலாம்.

அவ்வெண்ணம் தமக்கு முன்னரே சிலருக்குத் தோன்றியதுண்டா எனத் தேடினார். பிரான்சு தேசத்து இட்டார், செகுயின் என்னும் வைத்தியர் இருவரின் நூல்கள் அகப்பட்டன. காட்டிற் கண்டெடுக்கப்பட்ட சிறுவன் ஒருவனுக்குப் புலன்வழிக் கல்வி தர முயன்றவர் இட்டார். அவ்வழியை விரித்து அறிவு குன்றிய பிள்ளைகளுக்கென உபகரணங்கள் செய்தவர் செகுயின். அந்நூல்களை அம்மையார் தம் கைப்படவே இத்தாலிய மொழியிற் பெயர்த்து எழுதினார். எழுதினாற்றான் ஒவ்வொரு சொல்லும் மனத்திற் படியும் என்பது அவர் கருத்து. பின்னாளிற் பத்துகளையும் ஒன்றுகளையும் கற்பிக்கத் தாம் பயன்படுத்திய பலகைகளுக்குச் செகுயினின் பெயரையே வைத்தார். 1900 ஆம் ஆண்டில் அத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் பாடசாலை ஒன்று உரோமிலே தொடங்கப்பட்டபோது, மொண்டசானோ என்னும் வைத்தியரும் இவரும் அதனை நடத்தினர். இவரிடம் பயின்ற பிள்ளைகளிற் சிலர் ஏனைய பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையிலே தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாருக்கோ அவ்வியப்பு உவப்பளிக்கவில்லை. குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு செய்யக்கூடுமாயின், குறையற்ற பிள்ளைகளை இவர்களோடொத்த நிலையிலே நிறுத்தி வைத்திருப்பது எது என்பதே அவர் தம்மைக் கேட்ட வினா.

அவ்வினாவுக்கு விடைகாணும் வாய்ப்பு 1907 ஜனவரி 6 ஆம் நாள் வந்தது. உரோமிற் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி. அங்கு பழுதடைந்த மாடிக் கட்டடங்களைத் திருத்திய ஒரு கூட்டுத்தாபனத்தார்க்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் பாடசாலைக்குப் போகும் வயதை எட்டாத சிறுவர்கள் சுவர்களிற் கிறுக்கிப் படிகளை அழுக்காக்கினர். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஒரு வைத்தியர் ஏற்கத்தக்க வேலையா என்று நண்பர்கள் கேட்டபோதும் அம்மையார் ஏற்றுக்கொண்டார். ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளுடன் மார்சி வீதியிலே தொடங்கிய அச்சிறு அறைக்குப் பிள்ளைகள் வீடு என்று பெயர் வைத்தனர். சுவரின் வண்ணப்பூச்சைக் காப்பாற்ற எழுந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து உலகக் கல்வியின் ஒரு கிளை தழைத்தது என்பதை நினைக்கும்போது எமக்குச் சிரிப்பும் வருகிறது.

அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, துளைகளிட்ட மரக்கட்டையில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக இருந்தாள். ஏனைய பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார் அம்மையார், சிறுமி நிமிரவில்லை. அவள் இருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டையை மடியிற் பற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பதுக்கு மேற்பட்ட தடவை அதனையே செய்து, பின் துயிலெழுந்தாள்போல முகமலர்ந்து நிறுத்தினாள். சிறு பிள்ளையின் மனம் ஒன்றில் நிலைக்காது என்று நாம் எல்லோரும் சொல்வதுண்டு. நிலைப்பதற்குரிய பொருளை நாம் கொடுத்தோமா என்பதை எவரும் கேட்பதில்லை.

இனி அவர் எண்ணைக் கற்பித்த வகையைச் சற்று விரிவாகவே சொல்ல விழைகின்றோம். தொடக்கத்தில் அவர் கையாண்டது காசு. சில்லறை மாற்றுவதில் ஆசையில்லாத பிள்ளை இல்லை. மாற்றி மாற்றிப் பத்துவரை எண்ணப் பழகினர். அடுத்து வந்தன பத்து மரக்கோல்கள். மிகக் குட்டையானது பத்துச் சதமமீற்றர். மிக நீண்டது ஒரு மீற்றர். ஒவ்வொரு பத்துச் சதமமீற்றருக்கும் சிவப்பும் நீலமுமாக நிறம் மாறும். ஐந்து என்பது ஒன்று ஒன்றாக எண்ணி முடிவிற் சொல்லும் ஒரு சொல்லாக மட்டுமன்றி, கையால் ஒருங்கே தூக்கக்கூடிய ஒரு பொருளாகவும் ஆகிவிடுகிறது. ஒன்பதின் முனையில் ஒன்றை வைத்தால் பத்தோடு சமமாகும். எட்டின் முனையில் இரண்டு, ஏழின் முனையில் மூன்று, ஆறின் முனையில் நான்கு. ஐந்துமட்டும் துணையின்றி எஞ்சும். அதைப் பத்தின் அருகே வைத்து ஒருமுறை புரட்டினால் அதுவும் பத்தின் நீளத்தை எட்டும். கூட்டலும் இருமடங்கும் பாதியும் ஒரே பாயின்மேல் நிகழ்கின்றன. ஆசிரியை வாய்திறக்க வேண்டியதில்லை.

எண்ணின் வடிவம் அதன்பிறகே வரும். மணற்கடதாசியில் வெட்டிய இலக்கங்களைப் பிள்ளை விரலாற் தடவும். கண்ணும் விரலும் ஒருங்கே கற்கும். பின்னர் பூச்சியம் முதல் ஒன்பது வரை எழுதிய பத்து அறைகள் கொண்ட பெட்டியும், நாற்பத்தைந்து கதிர்க்குச்சிகளும். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று இட்டுக்கொண்டு போனால் ஒன்பதோடு குச்சிகள் முடியவேண்டும். எங்கேனும் பிழைத்திருந்தால் கடைசி அறையிற் குறையும், அல்லது கையில் மிஞ்சும். பிழையைச் சொல்லுபவர் ஆசிரியர் அல்லர், பொருளே சொல்லுகிறது. பிழைவிட்டதற்காக ஒரு பிள்ளை வகுப்பு நடுவே தலைகுனிய வேண்டிய நிலை அங்கே இல்லை. இதனைப் படித்த இடத்தில் நாம் நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பெட்டியிற் பூச்சியத்தின் அறை வெறுமையாய் இருக்கும். பிள்ளைகள் அதில் எதை இடுவது என்று கேட்பர். ஒன்றும் இடாதிருப்பதே அதன் கணக்கு. இதை விளக்க அம்மையார் ஒரு விளையாட்டும் ஆடினார். ஒரு பிள்ளையை அழைத்துப் பூச்சியம் முறை தம்மிடம் ஓடிவரும்படி சொல்வார். பிள்ளை ஓடிவந்துவிடும். ஒருமுறை வந்துவிட்டாயே, பூச்சியம் முறையல்லவா சொன்னேன் என்பார். சில தடவைகளின்பின் ஒரு பிள்ளை வராமல் நின்று சிரிக்கும். அடுத்து எல்லாப் பிள்ளைகளும் நின்ற இடத்திலேயே நின்று சிரிப்பர். பூச்சியத்தை இந்திய தேசத்தார் உலகுக்குத் தந்தனர் எனப் பெருமை பேசும் நாம், எமது பிள்ளைகளுக்கு அதை இத்தனை இனிமையாய்ச் சொல்லிக் கொடுத்ததுண்டா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

பின்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்து அவர் செப்பமாக்கிய பொன்மணிகளே எமது பழைய ஐயத்துக்கு மருந்தாக வாய்த்தவை. ஒரு மணி ஒன்று. பத்து மணிகளைக் கம்பியிற் கோத்த கோல் பத்து. பத்துக் கோல்களைப் பிணைத்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கிய சதுரமுகி ஆயிரம். நான்கு வயதுப் பிள்ளை ஒரு கையில் ஒன்றையும் மறு கையில் ஆயிரத்தையும் வைத்துக்கொண்டு பாரத்தாலே வேறுபாட்டை அறிகிறது. நாம் ஆயிரம் என்பதை ஒன்றுக்குப் பின்னால் மூன்று பூச்சியம் என்று மட்டும் கற்றோம்.

இப்பொழுது ஆயிரத்து மூன்றிலிருந்து ஏழைக் கழிக்கவேண்டும் எனக் கொள்வோம். எமது விதிப்படி ஒன்றினிடத்தில் மூன்று போதாது. அயல்வீடாகிய பத்தினிடத்திற் கேட்டால் அங்கே பூச்சியம். அதற்கப்பால் நூறினிடத்திலும் பூச்சியம். ஊரெல்லாம் வறுமைப்பட்ட வீதியிற் கடனுக்கு அலையும் மனிதனைப்போலப் பிள்ளை தடுமாறும். அம்மையாரின் வகுப்பிலோ பிள்ளையின் தட்டத்தில் ஒரு சதுரமுகியும் மூன்று மணிகளும் இருக்கும். ஏழு மணிகள் எடுக்கமுடியாது என்பது கண்முன் தெரியும். வங்கி எனப் பெயரிட்ட ஒரு மேசை அறையின் ஓரத்தில் உண்டு. பிள்ளை சதுரமுகியை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துப் பத்துச் சதுரங்களை வாங்கிவரும். அவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பத்துக் கோல்கள்; கோல்களில் ஒன்றைக் கொடுத்துப் பத்து மணிகள். தட்டத்தில் இப்போது ஒன்பது சதுரம், ஒன்பது கோல், பதின்மூன்று மணி. ஏழை எடுத்தால் மிகுதி தொளாயிரத்துத் தொண்ணூற்றாறு. இங்கே கடன் எங்கே? கடனும் இல்லை, அயல்வீடும் இல்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கடையிற் சில்லறையாக மாற்றுவதுபோல மாற்றியதேயாம். பொருள் கூடவுமில்லை, குறையவுமில்லை, உருவம் மாறியது. ஒன்பது வயதில் எம்மை வருத்திய கேள்விக்கு இருபதாம் வயதில் விடை கிடைத்தது. பிழை எமது கேள்வியில் இருக்கவில்லை; கடன் என்ற அந்தச் சொல்லிலேயே இருந்தது.

இன்னொன்று. எட்டுத் துண்டுகள் கொண்ட ஒரு மரப்பெட்டி உண்டு. ஒரு சிவப்புச் சதுரமுகி, ஒரு நீலச் சதுரமுகி, சிவப்பும் கறுப்புமான மூன்று கட்டைகள், நீலமும் கறுப்புமான மூன்று கட்டைகள். நிறம் பொருந்த அடுக்கினால் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய சதுரமுகியாகும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. அப்பிள்ளை வளர்ந்து அட்சரகணிதத்தில் இரண்டு கணியங்களின் கூட்டுத்தொகையை மும்மடி ஏற்றும் சூத்திரத்தைச் சந்திக்கும்போது, அச்சூத்திரத்தின் நான்கு உறுப்புக்களும் அன்று தான் கையால் அடுக்கிய அதே கட்டைகள் எனக் காணும். நடுவில் இரண்டு இடத்தில் மூன்று என்னும் எண் வருவதேன் என்று அதற்கு ஒருவரும் சொல்லவேண்டியதில்லை. எமது வகுப்பில் அம்மூன்றை மனனம் செய்தோம். பரீட்சை மண்டபத்தில் அடிக்கடி மறந்தும் போனோம்.

1909 இல் அவரது முதல் நூல் வெளிவந்தது. 1912 இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. 1913 இல் அமெரிக்கா சென்றபோது பெருங் கூட்டங்கள் வரவேற்றன. ஆயினும் அடுத்த ஆண்டே கில்பற்றிக் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் அவர் முறையை ஆராய்ந்து ஒரு சிறு நூல் எழுதினார். உபகரணங்கள் இறுகியவை, பிள்ளையின் கற்பனைக்கு இடந்தராதவை, அடிப்படையான உளவியல் பழையது என்பன அவர் கண்ட குறைகள். அந்நூலின்பின் அமெரிக்காவில் அம்மையாரின் புகழ் பல ஆண்டுகள் மங்கிற்று. கில்பற்றிக் சொன்னது முற்றும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். உபகரணத்தை வணங்கிப் பிள்ளையை மறப்பாரும் உளர். நாம் பார்க்கச் சென்ற ஒரு பாலர் நிலையத்தில் பொன்மணிகள் கண்ணாடி அலுமாரியிற் பூட்டியிருந்தன. விருந்தினர் வரும் நாளில் வெளியே எடுப்பார்களாம். பிள்ளைகள் ஒன்று முதல் நூறு வரை உரத்த குரலில் ஒப்புவித்துக்கொண்டிருந்தனர். குறை மணியிலா, பூட்டிலா?

அம்மையாரின் வாழ்வில் ஒரு பெருந்துயரும் இருந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. தம்மோடு பணியாற்றிய மொண்டசானோ அவர்களுக்கும் இவருக்கும் 1898 இல் மாரியோ என்னும் ஆண்குழந்தை பிறந்தது. திருமணம் நடைபெறவில்லை. அக்காலத்து வழக்கிலே அச்செய்தி வெளிவந்திருப்பின் அவரது தொழிலும் பெயரும் அன்றோடு முடிந்திருக்கும். குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தது. உலகத்துப் பிள்ளைகள் அனைவரையும் கூர்ந்து பார்த்த அந்தக் கண்கள் தம் பிள்ளை வளர்வதைக் கூடவிருந்து பார்க்கவில்லை. ரெனில்டே அம்மையார் 1912 இல் இறந்தபின், பதினைந்து வயது மட்டில் மாரியோ தாயிடம் வந்துசேர்ந்தார். அதன்பின் இருவரும் பிரியவில்லை. ஆயினும் நெடுங்காலம் உலகுக்கு அவரை உறவினன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் சொல்லவேண்டியிருந்தது.

அரசியலும் அவரை விடவில்லை. 1924 முதல் முசோலினியின் அரசு அவர் பாடசாலைகளை ஆதரித்தது. அம்மையாரும் அவ்வாதரவை ஏற்றார். இதை நாம் ஒரு பிழையென்றே கொள்ளுகின்றோம். தானே சிந்திக்கப் பழகும் பிள்ளையும், சொன்னபடி அணிவகுக்கும் பிள்ளையும் ஒரு கூரையின்கீழ் நெடுநாள் இருத்தல் இயலாது. 1934 இல் அவ்வுறவு முறிந்து இத்தாலியில் அவர் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மனியிலும் நாட்சிகள் மூடினர். அப்பொழுது அவர் வாழ்ந்தது ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில். எண்கணிதம்பற்றியும் கேத்திரகணிதம்பற்றியும் அவர் எழுதிய இரு பெருநூல்கள் அந்த 1934 ஆம் ஆண்டிலேயே அந்நகரில் வெளியாயின. தாய்நாட்டிற் கதவடைத்த ஆண்டில் ஒருவர் பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் பிள்ளைக்கு எவ்வாறு கையிற் கொடுப்பது என்னும் நூலை வெளியிட்டார் என்றால் அந்த மனவுறுதியை என்னென்பது! இரண்டு ஆண்டுகளில் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அறுபத்தாறாம் வயதை எட்டும் வேளையில் மீண்டும் ஊர்பெயர்ந்து இங்கிலாந்து வழியாக ஒல்லாந்து சென்றார்.

1939 ஆம் ஆண்டு இறுதியில் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அவர்களும் அவர்தம் மனைவியார் ருக்மிணி தேவி அவர்களும் அழைத்ததன்பேரில் அம்மையார் மகனோடு சென்னை அடையாற்றை அடைந்தார். ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்கள் இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆறுமாதம் என எண்ணி வந்த பயணம் ஏழாண்டுவாசமாயிற்று. 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கவே பிரித்தானிய அரசு மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அம்மையார் அடையாற்று எல்லையை விட்டு அகலக்கூடாதென்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் 31 இல் அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தது. பிறந்தநாட் பரிசாக அவருடைய மகனையே திருப்பி அனுப்புவதாக இராசப்பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் உரக்கச் சொல்ல முடியாதிருந்த மகன் என்னும் சொல்லை ஓர் அந்நிய அரசின் தந்தி சொல்லிவிட்டது.

போர்க்காலத்தில் இருவரும் கொடைக்கானலிற் சில காலம் தங்கி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்தனர். 1944 இல் அம்மையார் எமது இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இந்நாட்டில் அவர் பெயர் இத்துணை வேரூன்றியதற்கு அவ்வருகை ஒரு காரணமாகலாம். 1946 இல் ஐரோப்பா மீண்டார். மறுபடியும் இந்தியா வந்து 1949 இல் விடைபெற்றார். 1952 மே 6 ஆம் நாள் ஒல்லாந்தின் நூர்ட்வைக் என்னும் கடற்கரையூரில், எண்பத்தோராம் வயதில், ஆபிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவதுபற்றி மகனோடு பேசிக்கொண்டிருந்த அன்றே உயிர்நீத்தார் என்பர். அவ்வூரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

கடந்த விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி கழித்தற் கணக்கோடு எம்மிடம் வந்தாள். நான்காம் ஆண்டு படிப்பவள். அவளும் அயல்வீட்டுக் கடனில் அகப்பட்டிருந்தாள். பொன்மணி வாங்க எம்மிடம் பொன் இல்லை. ஆகையால் அம்மாவின் விளக்குமாறுகள் இரண்டைக் குலைத்தும், வளவிற் கிடந்த தென்னோலைகளைக் கிழித்தும் ஈர்க்குகளை ஒரே அளவாக நறுக்கிப் பத்துப் பத்தாகக் கட்டினோம்; பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறு; பத்து நூற்றைச் சணற்கயிற்றாற் பிணைத்து ஆயிரம். அளவிலே ஒரு மயிரிழையும் பிசகக்கூடாதென்னும் மொண்டிசோரி அம்மையார் இதைக் கண்டிருந்தால் முகஞ்சுளித்திருப்பார். அம்மா முகஞ்சுளித்தது நிச்சயம்.

ஆயிரத்து மூன்றிலிருந்து ஏழை எடுக்கச் சொன்னோம். சிறுமி ஆயிரத்தின் கயிற்றை அவிழ்த்தாள், ஒரு நூற்றை அவிழ்த்தாள், ஒரு பத்தை அவிழ்த்தாள். ஏழை எடுத்து வைத்துவிட்டு, விடையை எழுதாமல் மீதியை மீண்டும் எண்ணத் தொடங்கினாள். நாம் பொறுமையிழந்து விடை தொளாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டோம். அவள் தலையசைத்து மறுத்தாள். கட்டுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவள், நாம் கட்டிய ஒரு கட்டிலே ஒன்பது ஈர்க்குகளே இருப்பதைக் கண்டு அதனை எமது முகத்துக்கு நேரே நீட்டினாள். பின்னர் குறைந்த ஓர் ஈர்க்கைத் தேடி வளவுக்குள் ஓடினாள்.